மேலே இருக்கார்

ஆடித் தள்ளுபடி முடிந்த மறு திங்கள்
கடைக்கு ஷட்டர் போட்டுவிட்டு
எங்களை வேனில் ஏற்றினார்கள்.
கோட்டையூர் தாண்டி,
புதுவயல் அரிசி ஆலைகளுக்குச் சற்று முன்னால்
செம்மண்ணைத் தோண்டி
நீலத் தண்ணீர் நிரப்பி வைத்திருக்கும் இடம்.

வாசலில் பலகை:
கர்ப்பிணிகள், இதய நோயாளிகள்,
நாலடிக்குக் குறைந்தவர்கள்,
அண்மையில் எலும்பு முறிந்தவர்கள் ஏற வேண்டாம்.
"உன் பேரையும் எழுதிட்டாங்க பாரு, சோலை"
என்றாள் பாண்டிச்செல்வி.

எனக்கு இடது கணுக்கால்.
குடோன் ஏணி, மூன்றாம் படி,
தலைக்கு மேல் பூனம் சேலைக் கட்டு.
மாவுக்கட்டு நனையக் கூடாதென்று
கடையின் மஞ்சள் பையை
முழங்கால் வரை இழுத்து
சணலால் சுற்றிவிட்டாள் அவள்.
கைராசிக்கு எங்களிடம் வாருங்கள் என்று
எதிரே வருகிறவர்களிடமெல்லாம்
சொல்லிக்கொண்டே போனது என் கெண்டைக்கால்.

வேப்பமர நிழலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.
"உட்காரு" என்றார் சூப்பர்வைசர் சேவுகன்.
ஆறு வருஷத்தில் அந்த வாயிலிருந்து
அந்தச் சொல்லைக் கேட்டதில்லை.
ஒன்பதரையிலிருந்து ஒன்பதரை வரை நிற்கிற வேலை.
அசந்து சாய்ந்தால்
"சுவர் என்ன விழப்போகுதா, முட்டுக் குடுக்குறியே"
என்கிறவர்.

உட்கார்ந்தேன்.
முதல் அரை மணி நேரம்
யாரோ கூப்பிடப் போகிறார்கள் என்றே
நுனியில் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு ஒவ்வொருத்தியாக வந்து
மடியில் போட்டுவிட்டு ஓடினாள்:
பதினோரு போன்,
நாலு கவரிங் செயின்,
ஒரு மூக்குக்கண்ணாடி.
சுடிதாரோடு தண்ணீரில் விழுந்து
அவர்கள் போட்ட கூச்சலில்
யார் குரல் யாருடையது என்றே தெரியவில்லை.
கடையில் இருமலை வைத்தே சொல்லிவிடுவேன்.

போன்கள் அடித்தன.
'வீடு.' 'வீடு.' 'அண்ணன்.'
'குழு லோன்', மூன்று வெவ்வேறு போன்களில்.
'எடுக்காதே' என்று ஒரு பெயர்.
பாண்டிச்செல்வியின் போனில்
'லேப்' என்று மட்டும், இரண்டு முறை.
எல்லாவற்றையும் குப்புறக் கவிழ்த்து வைத்தேன்.

கட்டுக்குள் அரித்தது.
இதற்கென்றே கொண்டு வந்த
ஓரடி ஸ்கேலைச் சொருகினேன்.
ஸ்கேல் பன்னிரண்டு அங்குலம்.
அரிப்பு பதின்மூன்றில்.

நாலு மணிக்கு
பெரிய ராட்டினம் நின்றுபோனது.
கரண்ட் இல்லை. ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை.
கேனைத் தூக்கிக்கொண்டு
ஒரு பையன் டிவிஎஸ்ஸில் போனான்.
உச்சிப் பெட்டியில் சேவுகன், தனியாக.
அவரோடு ஏற ஆளில்லை.
கீழிருந்து பார்த்தால்
அவருடைய செருப்பின் அடி மட்டும் தெரிந்தது.
பாக்கெட்டிலிருந்து விழுந்துவிடும் என்று
என்னிடம் கொடுத்துப் போயிருந்த
பன்னிரண்டாவது போன் அடித்தது.
'முதலாளி.'

இதை எடுத்தேன்.
"எங்கம்மா அவரு?"
"மேல இருக்காருங்க."
அந்தப் பக்கம் சத்தமே இல்லை.
பிறகு, குரலைத் தாழ்த்தி:
"எப்ப?"
"இப்பத்தாங்க. ராட்டினத்துல."

இறக்கிவிட்டபோது ஐந்தரை.
முழங்கால்கள் இரண்டும்
தனித்தனியாக நடுங்க நடந்து வந்தார்.
போனைக் கேட்கவில்லை.
நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு
என்னைப் பார்த்தார்.
ஊன்றுகோலை அக்குளில் கொடுத்து எழுந்தேன்.
"உட்காருங்க சார்."
உட்கார்ந்தார்.
நின்றதும் என் கைகளுக்குப் பழைய ஞாபகம் வந்திருக்க வேண்டும்;
யாரோ போட்டிருந்த ஈரத் துண்டை எடுத்து
ஓரத்தோடு ஓரம் சேர்த்து
நாலாக மடித்தன.

வேனில் பாண்டிச்செல்வி
போனை வெகு நேரம் பார்த்தாள்.
யாரையும் திருப்பிக் கூப்பிடவில்லை.
குனிந்து, என் காலின் சணலை அவிழ்த்து,
பைக்குள் விரல் விட்டுத் தடவி,
"நனையல" என்றாள்.
நிமிராமல் அப்படியே இருந்தாள்.
அவள் தலையிலிருந்துதான் இருக்கும்,
கட்டின் மேல் சொட்டிக்கொண்டே வந்தது தண்ணீர்,
கோட்டையூர் வரை.